திரும்பி வராதவங்க எங்க போனாங்க?

ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியல மக்களே. வேற ஒண்ணுமில்ல, வீட்டுல ஒரு பஞ்சாயத்து. இப்பதான் ஒரு வழியா ஓய்ஞ்சிருக்கு. இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

என் அக்கா மகள் மனநல மருத்துவத்துல எம்.டி. படிக்கிறா. ரெண்டாவது வருஷம். பூந்தமல்லி பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி. எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், நீட் பி.ஜி.க்குன்னு ஒரு வருஷம், இப்ப இந்த மூணு வருஷம். முடிச்ச கையோட பைபாஸ் பக்கத்துல ஒரு கிளினிக் போட்டுடலாம்னு அக்கா இடமே பாத்து வச்சிருக்கா. பொண்ணு என்னடான்னா, "இல்லம்மா, நான் காலேஜ்லயே இருந்து சொல்லிக் குடுத்துக்கிட்டு ஆராய்ச்சி பண்ணலாம்னு இருக்கேன்"னு ஒரு குண்டு போட்டா.

அக்கா திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "நோயாளியப் பாக்கறத விட்டுட்டு பேப்பர் எழுதப் போறியா?"

நியாயம் சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில இருபத்தாறு வருஷமா குவாலிட்டி கன்ட்ரோல்ல இருக்கறவன். மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் சுகர் மாத்திரையோட சரி :-) ஆனாலும் கூப்பிட்டுட்டாங்களேன்னு ரெண்டு மாசம் அவகிட்டயே கேட்டும், கிடைச்சதையெல்லாம் படிச்சும் ஓரளவுக்குப் புரிஞ்சிக்கிட்டேன். அதைத்தான் இங்க எழுதறேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பிள்ளை இருந்தா உதவும்.

முதல்ல ஒரு விஷயம். எம்.டி. படிக்கிற எல்லாருக்குமே கொஞ்சம் ஆராய்ச்சி கட்டாயம். தீசிஸ் ஒண்ணு எழுதியே ஆகணும். சேர்ந்த சில மாசத்துலயே தலைப்பைப் பிடிச்சு, நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கி, ஆட்களைச் சேர்த்து, பரீட்சைக்கு ஆறு மாசம் முன்னாடி சமர்ப்பிக்கணும். புது மருந்தையோ சிகிச்சையையோ சோதிச்சுப் பாக்கற ஆய்வுன்னா, முதல் ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே சி.டி.ஆர்.ஐ.ங்கற தேசியப் பதிவேட்டுல பதியணும். அது 2007ல ஆரம்பிச்சது. ஏன் முன்னாடியே பதியணும்னு கேட்டேன். "இல்லன்னா முடிவு நமக்குப் பிடிக்கற மாதிரி வந்தப்புறம், இதைத்தான் தேடினோம்னு சொல்லிடலாம் மாமா"ன்னா. எங்க கம்பெனியில டிராயிங் டாலரன்ஸை பீஸ் வெட்டினப்புறம் மாத்தக் கூடாதுன்னு சண்டை போடுவோம். அதே கதைதான்!

இதோட ஆராய்ச்சி முறைகள் பத்தி ஒரு ஆன்லைன் கோர்ஸும் பாஸ் பண்ணணும். 2019லேர்ந்து முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு இது கட்டாயம். காஷ்மீர்ல படிச்சாலும் சரி, கன்னியாகுமரியில படிச்சாலும் சரி. அந்தக் கோர்ஸை நடத்தறது எந்த ஊர்ல இருக்கற நிறுவனம் தெரியுமா? டெல்லி இல்ல, பாம்பே இல்ல. நம்ம அயப்பாக்கம்! ஹவுசிங் போர்டுல இருக்கற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்.ஐ.இ. அந்த வழியா எத்தனையோ தடவை பைக்ல போயிருக்கேன். ஏதோ சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்னு நினைச்சதோட சரி.

அதோட பூர்வீகமும் நம்ம ஏரியாதான். ஆவடியில தொழுநோய்க்கான ஜால்மா நிறுவனத்தோட களப்பிரிவு ஒண்ணு இருந்தது. மெட்ராஸ்ல மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம்னு இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்து 1999ல ஐ.சி.எம்.ஆர். இதை உருவாக்கிச்சு. ஒண்ணு வீடு வீடா போய் நோயாளியப் பாத்த கூட்டம், இன்னொண்ணு கணக்குப் போட்ட கூட்டம். ஆராய்ச்சிக்கு ரெண்டும் வேணும்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோணல.

சரி, மனநோய்ல என்ன ஆராய்ச்சி? ரத்தம் எடுத்தா தெரியாது, எக்ஸ்ரேல விழாது. அக்காவோட சந்தேகம் அங்கதான் நின்னுது. அவ கேட்டதுல ஒரு நியாயமும் இருக்கு. அதைச் சொல்லணும்னா எங்க பெரியண்ணனைப் பத்திச் சொல்லணும். அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.

அண்ணன் எஸ்டேட்டுல டர்னர். 1984ல அவருக்கு இருபத்திமூணு வயசு. திடீர்னு வேலைக்குப் போறத நிறுத்தினார். ஃபாக்டரியில எல்லாரும் தன்னைப் பத்தியே பேசறாங்கன்னார். அப்புறம் குரல் கேக்குதுன்னார். அம்மா முதல்ல கூட்டிட்டுப் போனது திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு. அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. அங்க பாத்த டாக்டர் சொன்னது எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு: "இது போற வியாதி இல்ல. வீட்டோட வச்சுப் பாத்துக்குங்க."

அப்பா அதை அப்படியே எடுத்துக்கிட்டார். போகாதுன்னு சொன்னப்புறம் மாத்திரை எதுக்குன்னு கொஞ்ச நாள்ல அதையும் நிறுத்திட்டார். ஏழு வருஷம் அண்ணன் பின்கட்டு ரூம்ல இருந்தார். தட்டுல சோறு வச்சுக் குடுத்தது அக்காதான். 1991ல அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் வற்புறுத்தி வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். மாத்திரை மறுபடி ஆரம்பிச்சது. ஒரு வருஷத்துக்குள்ள அண்ணன் அம்பத்தூர் ஓ.டி.யில ஒரு பைண்டிங் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சார். பதினெட்டு வருஷம் அங்கேயே இருந்தார். 2014ல மாரடைப்பு வந்து போயிட்டார்.

அந்த முதல் டாக்டர் மேல எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அக்கா மகள்தான் அதை வேற மாதிரி சொன்னா. "மாமா, அவர் பொய் சொல்லல. அவர் பாத்ததைச் சொல்லியிருக்கார். சரியானவங்க மறுபடி ஓ.பி.க்கு ஏன் வரப்போறாங்க? திரும்பத் திரும்ப வர்றவங்க சரியாகாதவங்கதான். இருபது வருஷம் அவங்களையே பாத்தா, இது யாருக்கும் போகாதுன்னுதான் தோணும்."

இதுக்குப் பேரே இருக்காம். 1984ல அமெரிக்காவுல பாட்ரிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன்னு ரெண்டு பேர் 'வைத்தியரின் மாயை'ன்னு ஒரு கட்டுரையில இதைக் கணக்கோட விளக்கியிருக்காங்க. எனக்குச் சட்டுனு புரிஞ்சது. கஸ்டமர் ரிட்டர்ன் பண்ணின பீஸை மட்டும் மேஜை மேல பரப்பி வச்சுப் பாத்தா, நம்ம கம்பெனி ஒரு நல்ல பீஸ்கூட செஞ்சதில்லன்னுதான் தோணும். லாட் முழுக்க என்னாச்சுன்னு தெரியணும்னா, ரிட்டர்ன் வராத பீஸையும் தேடிப் போய்ப் பாக்கணும்.

அப்படித் தேடிப் போனவங்க நம்ம ஊர்லயே இருந்திருக்காங்க. 1981ல ஐ.சி.எம்.ஆர். மெட்ராஸ், வேலூர், லக்னோன்னு மூணு ஊர்ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சது. ஸ்கிசோஃப்ரீனியா முதல் தடவையா வந்தவங்களைச் சேர்த்து, அப்புறம் என்ன ஆகறாங்கன்னு பாக்கறது. மெட்ராஸ்ல 90 பேர். மத்த இடங்கள்ல அஞ்சு வருஷத்தோட முடிஞ்சது. மெட்ராஸ்ல மட்டும் டாக்டர் ஆர். தாராவும் கூட இருந்தவங்களும் விடல. பத்து வருஷ முடிவை 1994லயும், இருபது வருஷ முடிவை 2004லயும் வெளியிட்டாங்க. இறந்து போனவங்க உண்டு, கண்டுபிடிக்க முடியாதவங்க உண்டு. ஆனா பத்து வருஷம் கழிச்சுப் பாத்தவங்கள்ல பெரும்பாலானவங்க நல்ல நிலைமையில இருந்தாங்க.

தேதியைக் கவனிங்க. எங்க அப்பாகிட்ட "போகாது"ன்னு சொன்ன 1984ல, அதே மெட்ராஸ்ல அந்த 90 பேர் ஆய்வு மூணாவது வருஷத்துல போயிக்கிட்டிருந்திருக்கு. பதில் உருவாகிக்கிட்டு இருந்தது. அது எங்க வீட்டுக்கு வந்து சேரல.

1984ன்னதும் இன்னொண்ணு. ஸ்கார்ஃப்ங்கற ஸ்கிசோஃப்ரீனியா ஆராய்ச்சி நிறுவனத்தை டாக்டர் சாரதா மேனன் ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில 1961லேர்ந்து 1978 வரைக்கும் கண்காணிப்பாளரா இருந்தவங்க. இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர். 2021ல காலமானாங்க. அவங்க ஆரம்பிச்ச நிறுவனம் அண்ணாநகர் மேற்கு விரிவுல இருக்கு, பாடியிலேர்ந்து எட்டிப் பிடிக்கிற தூரம். அந்த 90 பேரோட தொடர்பை அடுத்தடுத்த வருஷங்கள்ல விடாம வச்சிருந்ததும் இவங்கதான். நோயாளியைப் பாத்துக்கறவங்க எவ்வளவு சுமக்கறாங்கன்னு அளக்க 1998ல இவங்க ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டாங்க, நாப்பது கேள்வி. அக்கா மகள் அதை வீட்டுல படிச்சுக் காட்டினப்ப அக்கா ஒண்ணும் பேசல. எழுந்து உள்ள போயிட்டா. அந்த ஏழு வருஷத்துல அவகிட்ட யாருமே கேக்காத கேள்விங்க அது.

இந்த ஆராய்ச்சிக்காரங்க கிட்ட எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம் சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் 1960களோட கடைசியிலேர்ந்து பல நாட்டுல பண்ணின ஆய்வுகள்ல, இந்தியா மாதிரி நாடுகள்ல ஸ்கிசோஃப்ரீனியா வந்தவங்க பணக்கார நாட்டுக்காரங்களைவிட நல்லாத் தேறறாங்கன்னு வந்தது. நமக்கெல்லாம் கேக்கவே சந்தோஷமா இருக்கும். கூட்டுக் குடும்பம், பாசம், அது இதுன்னு மேடையில பேசலாம். ஆனா 2008ல, இதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கலாமான்னு கேள்வி கேட்டு ஒரு கட்டுரை வந்தது. எழுதின நாலு பேர்ல ஒருத்தர் அதே தாரா. தன் ஊருக்குச் சாதகமான முடிவையே தட்டிப் பாக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். எங்க ஆடிட்டுல அப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல :-)

இப்ப நடைமுறைக்கு வரேன். எம்.டி. படிக்கும்போதே ஆராய்ச்சிப் பக்கம் ஆசை இருக்கறவங்க என்னதான் பண்ணலாம்? அவகிட்ட கேட்டு நான் குறிச்சு வச்சது இது.

படிக்கும்போது: தீசிஸ் தலைப்பை "சார் குடுத்தாரு"ன்னு வாங்கிக்காம, அஞ்சு வருஷம் கழிச்சும் தொடரக்கூடிய ஒரு கேள்வியா எடுக்கணும். சம்மதப் படிவத்துலயே "பின்னாடி மறுபடி தொடர்பு கொள்ளலாமா?"ன்னு ஒரு வரி சேர்த்துக் கேட்டுட்டா பாதி வேலை முடிஞ்சது. முதுநிலை தீசிஸுக்கு ஐ.சி.எம்.ஆர்.கிட்ட நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். கேள்விப் பட்டியலைத் தமிழாக்கறது ஒரு தனி வித்தை. ஒருத்தர் தமிழ்ல எழுதி, மூலத்தைப் பாக்காத இன்னொருத்தர் அதை மறுபடி இங்கிலீஷாக்கி, ரெண்டையும் ஒத்துப் பாக்கணும். மனச்சோர்வுங்கற வார்த்தையே சொல்லாம "உடம்பெல்லாம் வலி, மனசு சரியில்ல"ன்னு சொல்றவங்க ஊர்ல இது சின்ன வேலை இல்ல. இப்ப மூணு மாசம் மாவட்ட மருத்துவமனையில வேலை பாக்கறதும் கட்டாயமாயிருக்கு. காலேஜ் ஓ.பி.க்கு வரவே வராத ஆட்களை அங்கதான் பாக்க முடியும்.

முடிச்சப்புறம்: காலேஜ்ல ஆசிரியர் ஆகணும்னா ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்ட். அப்புறம் உதவிப் பேராசிரியர். அதுக்கு மேல பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் வேணும். இன்னும் படிக்கணும்னா பெங்களூர் நிம்ஹான்ஸ்ல குழந்தைகள் மனநலம், போதை, முதியோர் மனநலம்னு டி.எம். இருக்கு. அவ்வளவு வருஷம் வேணாம்னா ஒரு வருஷ ஃபெல்லோஷிப். பி.எச்.டி. ஒரு வழி. கணக்கு பிடிக்கும்னா அயப்பாக்கத்துலயே பொது சுகாதாரத்துல முதுநிலைப் படிப்பு. ஸ்கார்ஃப் மாதிரி இடத்துல ஆராய்ச்சியாளரா சேரலாம். முகப்பேர்ல பான்யன் இருக்கு. மனநோயோட தெருவுல திரிஞ்ச பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993ல ஆரம்பிச்சது. அவங்களும் ஆய்வு, பயிற்சின்னு 2007லேர்ந்து ஒரு கல்வி நிறுவனமே நடத்தறாங்க. ஆக, அவ போக வேண்டிய இடமெல்லாம் பெரும்பாலும் ஒரு பஸ் தூரத்துலதான் இருக்கு.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது: கட்டுரை கட்டாயம்னு ஆனதுலேர்ந்து அதுக்குன்னே ஒரு சந்தை கிளம்பியிருக்கு. "பதினஞ்சு நாள்ல உங்க கட்டுரை வெளிவரும்"னு அவ மொபைலுக்கு மெசேஜ் வரும். காசு குடுத்தா போதும், படிச்சே பாக்க மாட்டாங்க. டெஸ்ட் பண்ணாமயே டெஸ்ட் சர்டிஃபிகேட் குடுக்கற லேப் எஸ்டேட்டுல எனக்குத் தெரியும். அந்த சர்டிஃபிகேட்டை நம்பி மாட்டின போல்ட்டு என்னாகும்னும் தெரியும்.

பணம்? உண்மையைச் சொல்லணும். பைபாஸ்ல கிளினிக் போட்டு ஓடினா வர்றது காலேஜ் சம்பளத்துல வராது. அக்கா வீட்டுக்காரர் கல்விக் கடன் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதியே காட்டினார். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அந்தப் பேப்பரை ஒதுக்கிட்டு யாரும் லட்சியம் பேச முடியாது. பொண்ணும் பேசல. "முதல் வருஷம் சீனியர் ரெசிடென்ட் சம்பளத்துல கடனைக் கட்டறேன்பா, நடுவுல விண்ணப்பம் போடறேன்"னு அவளும் ஒரு கணக்கு எழுதினா.

நான் சொன்ன தீர்ப்பு என்னன்னு கேக்கறீங்களா? கிளினிக்கா ஆராய்ச்சியாங்கறதே தப்பான கேள்வின்னேன். திரும்பி வராதவங்க என்ன ஆனாங்கன்னு ஒரு தடவையாவது தேடிப் போய்ப் பாத்த டாக்டர், நாளைக்கு பைபாஸ்ல உக்காந்தாலும் ஒரு அப்பாகிட்ட "இது போகாது"ன்னு அவ்வளவு சுலபமா சொல்ல மாட்டா. அந்தப் பழக்கம் வர்றதுக்கு இந்த மூணு வருஷத்தை விட்டா நேரம் கிடைக்காது. அதுக்கப்புறம் எங்க உக்காரறதுங்கறது அவ இஷ்டம்.

அவ தீசிஸ் தலைப்பும் அதுதான். ஓ.பி.க்கு ஒண்ணு ரெண்டு தடவை வந்துட்டு நின்னுபோனவங்க எங்க இருக்காங்க, எப்படி இருக்காங்க. நெறிமுறைக் குழுவுல முதல் கேள்வியே, "ஃபோனை வீட்டுல வேற யாராவது எடுத்தா என்னன்னு சொல்லுவீங்க?" நோயை மறைச்சுக் கல்யாணம் பண்ணியிருப்பாங்க, வேலையில சொல்லாம இருப்பாங்க. நம்ம ஒரு ஃபோன் கால் ஒரு குடும்பத்தையே உடைச்சிடலாம். அதுக்கு ஒரு வழிமுறை எழுதிக் குடுத்து, ரெண்டாவது தடவைதான் அனுமதி கிடைச்சது. பாதி நம்பர் ஸ்விட்ச் ஆஃப். முகவரியில சில பேர் "ஆவடி"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க, அவ்வளவுதான். சனிக்கிழமை சமூகப் பணியாளரோட திருமுல்லைவாயல், பட்டாபிராம்னு கிளம்பிடறா. யாரைப் பாத்தா, என்ன ஆச்சுன்னு வீட்டுல மூச்சு விட மாட்டா. விடவும் கூடாது.

போன வாரம் அப்படிக் கிளம்பறப்ப அக்கா தண்ணி பாட்டிலைக் கையில குடுத்துட்டு சொன்னா: "வெளிய வந்து பேசறவங்களை மட்டும் பாத்துட்டு வந்துடாத. பின்கட்டு ரூம் இருந்தா, அங்க யாராவது இருக்காங்களான்னு கேளு."

பைபாஸ் இடத்துக்காரருக்கு அக்கா இன்னும் பதில் சொல்லல. அவரும் வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபோன் பண்றார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, இது வைத்திய ஆலோசனையும் இல்ல. வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம்னா 14416, டெலி மானஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம். படிக்கிற மருத்துவர்கள் யாராவது இருந்தா, நான் விட்டுப்போன வழிகளையும் பின்னூட்டத்துல சொல்லுங்க. அவளுக்கு அப்படியே காட்டறேன்.